மூளை நொதிகளின் புரோமோட்டரைப் படிப்பது எப்படி: டெல்டா மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் முதுநிலை விலங்கியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் பருவம் வந்தால், ஒரே கேள்வி ஆண்டுதோறும் வேறு வேறு குரல்களில் என்னிடம் வந்துசேரும்: “சார், எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தானே இருக்கிறது, அப்படியானால் டோபமைன் உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கிற நொதி மூளையில் சில நரம்பணுக்களில் மட்டும் ஏன் உருவாகிறது, கல்லீரலில் ஏன் உருவாவதில்லை?” கேள்வி நல்ல கேள்வி. கணினியும் இணைய இணைப்பும் மட்டும் வைத்துக்கொண்டு அதற்கான விடையை எவ்வளவு தூரம் தேடிச் செல்லலாம், அதற்குப் பிறகு ஆய்வகத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை, என் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

புரோமோட்டர் என்பது ஒரு மரபணுவின் படியெடுத்தல், அதாவது அதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும் வேலை, தொடங்கும் இடத்தை ஒட்டி, பெரும்பாலும் அதற்கு மேற்புறமாக, அமைந்திருக்கும் டி.என்.ஏ. பகுதி. நகல் எடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வந்து அமர்வதும், படியெடுத்தல் காரணிகள் எனப்படும் புரதங்கள் வந்து ஒட்டிக்கொண்டு அதை விரைவுபடுத்துவதோ தடுப்பதோ நிகழ்வதும் அங்கேதான். வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் கல்லணையை நினைவுபடுத்துவது வழக்கம். மேட்டூரிலிருந்து வருவது ஒரே தண்ணீர். ஆனால் கல்லணையில் கொள்ளிடத்தின் ஷட்டர்கள் இறங்கியிருப்பதால்தான் காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் ஏறுகிறது. எந்த மதகு திறந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கிறவருக்குப் பாசனம் பாதிதான் புரியும்; எது அடைபட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மூளை நொதிகளின் புரோமோட்டரைப் படிக்கும்போதும் நான் வற்புறுத்துவது இதைத்தான்: நரம்பணுவில் எது திறக்கிறது என்று தேடுவதற்கு முன், மற்ற செல்களில் எது அடைக்கிறது என்று தேடுங்கள். மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையை மாற்றிக்கொள்வதால் வருகின்றன.

முதல் வேலை: சரியான நொதியைத் தேர்ந்தெடுத்தல்

மூளையில் வேலை செய்யும் நொதி எல்லாம் நரம்பணுவுக்கே உரிய நொதி ஆகிவிடாது. நம் பகுதி மாணவர்கள் பலர், அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளை உடைக்கும் அசெட்டைல்கோலின் எஸ்டரேஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவார்கள்; வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு, ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் முடக்குவது அந்த நொதியைத்தான் என்பது தெரிந்திருக்கும். அக்கறை நியாயமானது. ஆனால் அந்த நொதி நரம்பு–தசைச் சந்திப்புகளிலும் சிவப்பணுக்களின் சவ்விலும் உண்டு. அதனால்தான் நஞ்சின் தாக்கத்தை இரத்தத்திலேயே அளந்துபார்க்க முடிகிறது. நரம்பணுவுக்கே உரிய வெளிப்பாட்டைப் படிக்க அது ஏற்றதன்று. அசெட்டைல்கோலினை உடைக்கும் நொதியை விட்டுவிட்டு, அதை உருவாக்கும் கோலின் அசெட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸை எடுத்துக்கொண்டால் கேள்வி கூர்மையாகிவிடும்.

தொடக்கநிலை மாணவருக்கு நான் பரிந்துரைப்பவை மூன்று. இனோலேஸ் குடும்பத்தில் மூன்று மரபணுக்கள் உள்ளன: ஆல்ஃபா வகை பெரும்பாலான திசுக்களில் இருக்கிறது, பீட்டா வகை தசையில், காமா வகை நரம்பணுக்களிலும் நரம்பு–நாளமில்லாச் செல்களிலும். மூன்றும், சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைகாலிசிஸில் அதே வினையைத்தான் நடத்துகின்றன. முதிராத நரம்பணு ஆல்ஃபாவை வைத்திருந்து, முதிரும்போது காமாவுக்கு மாறுகிறது. வேலை ஒன்று, மதகு வேறு என்பதால் ஒப்பிட்டுப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டாவது டிரிப்டோஃபேன் ஹைட்ராக்சிலேஸ். செரடோனின் உற்பத்தியின் முதல் படியான இந்த நொதிக்கு ஒரே மரபணுதான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் மூளையில் செரடோனின் குறையாமல் இருந்ததைக் கண்டபோதுதான், 2003இல் மூளைக்கென்று இரண்டாவது மரபணு இருப்பது தெரியவந்தது. மூன்றாவது, டோபமைன் உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ். இது சற்றுக் கடினமானது; ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்தல்

மரபணுத்தொகுதியைத் திரையில் காட்டும் இணையத்தளங்களான யூ.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசரோ என்செம்பிளோ, எதைத் திறந்தாலும் செலவில்லை. மனித மரபணுத்தொகுதியின் எந்தப் பதிப்பில் பார்க்கிறீர்கள் என்பதை முதலில் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஜி.ஆர்.சி.எச். 38 என்ற பதிப்பின் எண்களும் அதற்கு முந்தைய 37இன் எண்களும் வேறுபடும். இரண்டையும் கலந்து எழுதிய ஆய்வேட்டைத் திருத்துவது பெருந்துன்பம்.

அடுத்து, மரபணு எந்த இழையில் இருக்கிறது என்று பாருங்கள். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மரபணு 11ஆம் குரோமோசோமின் குறுங்கையில் எதிர் இழையில் அமைந்துள்ளது. திரையில் அம்புக்குறிகள் வலமிருந்து இடமாக ஓடும். ஆகவே அதன் புரோமோட்டர் திரையில் மரபணுவின் வலப்பக்கம், பெரிய எண்களின் பக்கம் இருக்கும். பழக்கத்தால் இடப்பக்கத்து 2,000 எழுத்துகளை (ஏ, சி, ஜி, டி என்ற டி.என்.ஏ. எழுத்துகள்) வெட்டி எடுத்தவர், மரபணுவின் வாலுக்குக் கீழே உள்ள பகுதியைப் புரோமோட்டர் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருப்பார். எதிர் இழை மரபணுவுக்கு, எடுத்த வரிசையைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தையும் அதன் இணை எழுத்தாக மாற்றிய பிறகே படிக்க வேண்டும். பிரவுசரிலேயே அதற்கான தெரிவு இருக்கிறது.

இதைவிட நுட்பமான ஒரு பள்ளம் உண்டு. நானே அதில் விழுந்திருக்கிறேன். டோபா டிகார்பாக்சிலேஸ் என்னும் நொதி டோபாவை டோபமைனாக மாற்றுகிறது. மூளையில் மட்டுமல்லாமல் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. மரபணு ஒன்றுதான், புரதமும் ஒன்றுதான். ஆனால் புரதமாக மொழிபெயர்க்கப்படாத முதல் எக்ஸான் (முடிவான ஆர்.என்.ஏ.வில் தங்கும் துண்டு) மட்டும் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்றை நரம்பணுக்களும் மற்றொன்றை நரம்பு சாராத திசுக்களும் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரோமோட்டர். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவர், என் ஒப்புதலோடுதான், பட்டியலில் முதலாவதாக நின்ற டிரான்ஸ்கிரிப்டை (மரபணுவின் ஆர்.என்.ஏ. நகல் வடிவங்களில் ஒன்றை) எடுத்துக்கொண்டு அதன் மேற்புறத்தை இரண்டு மாதம் அலசினார். நரம்பணுக்களுக்குரிய எந்தக் காரணியின் தடமும் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு மாலை அவர் திரையில் எல்லா டிரான்ஸ்கிரிப்டுகளையும் விரித்துவைத்து, விரலால் தொட்டுக் காட்டியபோதுதான், நாங்கள் படித்துக்கொண்டிருந்தது கல்லீரலின் கதவு என்பது எனக்கு உறைத்தது. அந்த இரண்டு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு. அன்றிலிருந்து, எல்லா டிரான்ஸ்கிரிப்டுகளின் முதல் எக்ஸானையும் தாளில் வரைந்து காட்டாத மாணவரை நான் அடுத்த படிக்கு விடுவதில்லை.

எழுத்துகளைப் படித்தல்

தொடங்கும் இடத்தை +1 என்றும் அதற்கு மேற்புறத்தைக் கழித்தல் எண்களாகவும் வைத்து, மேற்புறம் 2,000 எழுத்துகளையும் கீழ்ப்புறம் முதல் இன்ட்ரானின் (எக்ஸான்களுக்கு இடையே இருந்து வெட்டி நீக்கப்படும் துண்டின்) ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்புறத்தை விட்டுவிடக் கூடாது. அடக்கும் தளங்கள் பல அங்கேயும் இருக்கும். இந்த வரிசையை, காரணிகள் ஒட்டும் தளங்களைத் தொகுத்திருக்கும் ஜாஸ்பர் போன்ற தரவுத்தளத்தில் இட்டால், காரணிகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் கொட்டும். அவற்றில் பெரும்பாலானவை தற்செயல். இதை நம்பாத மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். நரம்பணு வளர்ச்சியில் பங்குள்ள பல காரணிகள் ஒட்டும் ஈ–பாக்ஸ் என்ற தளம் சி–ஏ–என்–என்–டி–ஜி என்று அமையும். நடுவிலுள்ள இரண்டும் எந்த எழுத்தாகவும் இருக்கலாம். உறுதியான எழுத்துகள் நான்கு என்பதால், 256 இடங்களுக்கு ஒருமுறை அது தானாகவே வரும். 2,000 எழுத்துகளில் ஏறத்தாழ எட்டு. எட்டு ஈ–பாக்ஸ் கண்டேன் என்று எழுதுவதற்குப் பொருளே இல்லை. மாறாக, டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் புரோமோட்டரில் −45க்கும் −38க்கும் இடையே உள்ள டி–ஜி–ஏ–சி–ஜி–டி–சி–ஏ என்ற எட்டு எழுத்துத் தளம், அதாவது சைக்ளிக் ஏ.எம்.பி.க்குப் பதிலளிக்கும் தளம், 65,536 இடங்களுக்கு ஒருமுறைதான் தற்செயலாக வரும். அது தொடங்கும் இடத்தை ஒட்டி நிற்பதற்கு மதிப்பு உண்டு. எனவே தளம் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான மதிப்பெண் வரம்பை உயர்த்துங்கள்; சுண்டெலி, எலி, மனிதர் மூன்றிலும் அதே இடத்தில் மாறாமல் நிற்கும் தளங்களை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

பல நரம்பணுப் புரோமோட்டர்களில், டி–ஏ–டி–ஏ என்று தொடங்கும் டாட்டா பாக்ஸ் இருப்பதில்லை, சி–ஜி இணைகள் மிகுந்திருக்கும். அதைக் கண்டு தவறான பகுதியை எடுத்துவிட்டோமோ என்று தடுமாற வேண்டாம்.

அடைக்கும் தளத்தைத் தேடுதல்

இப்போது முதன்மையான தளத்துக்கு வருவோம். 1995இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே புரதத்தைக் கண்டறிந்தன. அதனால் அதற்கு ரெஸ்ட் என்றும் என்.ஆர்.எஸ்.எஃப். என்றும் இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டன. நரம்பு சாராத பெரும்பாலான செல்களிலும், இன்னும் நரம்பணுவாக முதிராத முன்னோடிச் செல்களிலும் இது நிறைந்திருக்கிறது. துத்தநாக விரல்கள் எனப்படும் எட்டு மடிப்புகளால் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, ஒரு முனையால் சின்3 என்ற புரதத்தையும் மறுமுனையால் கோரெஸ்ட் என்ற புரதத்தையும் இழுத்துவருகிறது. அவற்றோடு சேர்ந்து வரும் நொதிகள் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களின் அசெட்டைல் குழுக்களை நீக்க, அந்தப் பகுதியின் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த சுருள்) இறுகி, மரபணு அடங்கிவிடுகிறது. முன்னோடிச் செல் நரம்பணுவாக முதிரும்போது ரெஸ்ட் குறைகிறது; ஷட்டர் ஏறுகிறது.

இது ஒட்டும் தளம் 21 எழுத்துகள் நீளமுள்ளது. முன்பாதியில் டி–டி–சி–ஏ–ஜி–சி–ஏ–சி–சி, இரண்டு எழுத்து இடைவெளி, பின்பாதியில் ஜி–ஜி–ஏ–சி–ஏ–ஜி–சி–ஜி–சி–சி. இந்த இரண்டு பாதிகளையும் தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டு, வரிசையை அச்சடித்து, பென்சிலால் கோடிட்டுத் தேடச் சொல்வேன். இவ்வளவு நீண்ட தளம் தற்செயலாக வருவது அரிது என்பதால், இங்கே கண்ணுக்கே நம்பிக்கை வைக்கலாம். முழுத் தளத்தில் இரண்டொரு எழுத்து மாறியிருப்பது இயல்பு. கோலின் அசெட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ் மரபணுவின் மேற்புறம் இதைத் தேடிப் பாருங்கள். அந்த இடம் வேறொரு வகையிலும் வியப்பானது: அசெட்டைல்கோலினைப் பைகளில் நிரப்பும் கடத்திப் புரதத்தின் மரபணு, இந்த நொதி மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஒரே அடைப்பு நொதியையும் கடத்தியையும் சேர்த்து அடக்குகிறது. உருவாக்குவதும் நிரப்புவதும் ஒரே செல்லில் நடக்க வேண்டும் என்பதால் இந்த அமைப்பு எனக்கு மிகுந்த அழகாகத் தோன்றுகிறது.

டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் கடினமானது என்றேனே, காரணம் இதுதான். அடைப்பு நீங்கினால் மட்டும் அது திறந்துவிடாது. நடுமூளையின் டோபமைன் நரம்பணுக்களில் நர்1 என்ற காரணி வந்து திறக்க வேண்டும். அந்தக் காரணி இல்லாத சுண்டெலிகளில் நடுமூளை டோபமைன் நரம்பணுக்கள் முறையாக உருவாவதில்லை என்பது 1997இல் காட்டப்பட்டது. மேலும், இந்த நொதியின் புரோமோட்டரில் தேவையான கட்டளைகள் நெடுந்தொலைவுக்குச் சிதறிக் கிடக்கின்றன. எலியின் மரபணுவுக்கு மேற்புறம் 4,800 அல்லது 9,000 கார இணைகளை, அதாவது எழுத்துகளை, சேர்த்து எடுத்தால்தான், சுண்டெலியின் மூளையில் உரிய நரம்பணுக்களில் அது ஒழுங்காக வெளிப்படுகிறது. காமா இனோலேஸுக்கோ 1,800 கார இணைகள் போதும் என்று 1990இலேயே மரபணு மாற்றிய சுண்டெலிகளில் தெரிந்துவிட்டது.

செல்லைப் பார்த்து உறுதிசெய்தல்

தளம் இருப்பதும் அது பயன்படுவதும் வேறு. என்கோட் என்ற பொதுத் தரவுத்தொகுப்பில், நீங்கள் கண்ட தளத்தின்மேல் ரெஸ்ட் உண்மையில் ஒட்டியிருக்கிறதா என்று வெவ்வேறு செல் லைன்களில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகைகளில்) பாருங்கள். ஹிஸ்டோன்மேல் விழும் எச்3கே27 அசெட்டைல் குறி இருந்தால் அந்தப் பகுதி உயிர்ப்போடு இருக்கிறது என்று கொள்ளலாம். மூளைத் திசு முழுவதையும் அரைத்து எடுத்த தரவை மட்டும் நம்பாதீர்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களும், கிட்டத்தட்ட அதே அளவு மற்ற செல்களும் உள்ளன. நடுமூளை டோபமைன் நரம்பணுக்களோ சில லட்சம்தான். அந்தக் கலவையில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் குரல் கேட்கவே கேட்காது. தனித்தனி உட்கருவாகப் பிரித்து எடுத்த தரவுகள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றையே பயன்படுத்துங்கள்.

ஆய்வகத்தில் சோதித்தல்

புரோமோட்டர் பகுதியை ஒளி உண்டாக்கும் நொதியான மின்மினி லூசிஃபெரேஸின் மரபணுவுக்கு முன்னால் ஒட்டி, செல்லுக்குள் செலுத்தி, ஒளியை அளப்பதே எளிய வழி. எல்லாக் கல்லூரிகளிலும் லூமினோமீட்டர் இருக்காது. கருவி உள்ள பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் முன்கூட்டியே நாள் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். செல் லைன்களைப் புணேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து பெறலாம். நரம்பணு வகைக்கு எஸ்.எச்.–எஸ்.ஒய்.5ஒய் அல்லது பி.சி.12, நரம்பு சாராத வகைக்கு ஹீலா. ஹெக் 293 எளிதில் வளர்கிறது என்று பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதில் நியூரோஃபிலமெண்ட் முதலிய நரம்பணுப் புரதங்கள் வெளிப்படுவதால், அடைப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கு அது சரியான ஒப்பீடு அன்று.

2,000, 1,000, 500, 200, 60 என்று மேற்புறத்திலிருந்து படிப்படியாக வெட்டிய துண்டுகளையும், புரோமோட்டரே இல்லாத வெறும் பிளாஸ்மிடையும் (செல்லுக்குள் செலுத்தும் வட்ட டி.என்.ஏ.வையும்) செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றோடும், தனியாக அளக்கக்கூடிய வேறோர் ஒளி நொதியான ரெனில்லா லூசிஃபெரேஸின் பிளாஸ்மிடைச் சேர்த்துச் செலுத்தினால், எத்தனை செல்லுக்குள் டி.என்.ஏ. நுழைந்தது என்ற வேறுபாட்டைச் சரிசெய்யலாம். கணக்கு எப்படிப் போடுவது என்பதைக் கற்பனை எண்களால் காட்டுகிறேன். நரம்பணு வகைச் செல்லில் மின்மினி 12,000, ரெனில்லா 3,000 என்றால் விகிதம் 4. வெறும் பிளாஸ்மிடில் 600க்கு 3,000, விகிதம் 0.2, ஆகவே 20 மடங்கு. ஹீலாவில் 4,000க்கு 8,000, விகிதம் 0.5, வெறும் பிளாஸ்மிடில் 0.25, ஆகவே 2 மடங்கு. நேரடி எண்களை மட்டும் பார்த்திருந்தால் வேறுபாடு மூன்று மடங்குதான் என்று எழுதியிருப்போம். உண்மையில் அது பத்து மடங்கு.

இனிக் கவனிக்க வேண்டிய தருணம் ஒன்று. ஏதோ ஒரு துண்டை வெட்டியதும் நரம்பணு வகைச் செல்லில் ஒளி மாறாமல் நிற்க, ஹீலாவில் மட்டும் உயர்ந்தால், வெட்டி எறிந்த துண்டில் அடைக்கும் தளம் இருந்தது என்று பொருள். இரண்டிலும் சேர்ந்து குறைந்தால் அது பொதுவான தூண்டல் தளம். நரம்பணு வகையில் மட்டும் குறைந்தால், திறக்கும் காரணி ஒட்டும் இடம். நரம்பணு செல்லில் மட்டும் சோதனை செய்தவருக்கு முதல் நிலை கண்ணில் படவே படாது. சந்தேகமிருந்தால் அந்த 21 எழுத்துகளில், இடைவெளியை விட்டுவிட்டு, ஒரு பாதியின் நடுவிலுள்ள இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் மாற்றிய பிளாஸ்மிடைச் செய்து, ஹீலாவில் அதே உயர்வு வருகிறதா என்று பாருங்கள். செல்களின் உறைந்த குப்பிகளை ஆண்டு முழுவதும் திரவ நைட்ரஜனில் சேமித்து வையுங்கள். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போய், இன்குபேட்டரில் இருந்த செல்களெல்லாம் இறந்து, ஒரு மாணவரின் பருவமே வீணானதை நான் பார்த்திருக்கிறேன்.

செல்லுக்குள் தற்காலிகமாகச் செலுத்தப்பட்ட பிளாஸ்மிடு, குரோமோசோமில் உள்ளதைப் போலக் குரோமாட்டினாகச் சுருளுவதில்லை. ஆகவே இந்தச் சோதனை அடைப்பின் வலிமையைக் குறைத்துக் காட்டக்கூடும். விலங்கின் மூளையில் சோதிப்பவர்கள், மரபணுவைச் செல்லுக்குள் சுமந்துசெல்லும் ஏ.ஏ.வி. வைரஸை நாடுகிறார்கள், அங்கே இடம்தான் சிக்கல். அந்த வைரஸ் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 4,700 எழுத்துகள். இரு முனைகளுக்கும் 145 வீதம் 290 போகும். டோபா டிகார்பாக்சிலேஸ் 480 அமினோ அமிலங்கள் கொண்டது என்பதால் அதற்கு 1,443; முடிவுக் குறிக்கு இருநூறு அளவில் வையுங்கள். புரோமோட்டருக்கு மிஞ்சுவது சுமார் 2,700. காமா இனோலேஸின் 1,800 அதில் அடங்கும். டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் 4,800 அடங்காது. டோபா டிகார்பாக்சிலேஸ் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்காக ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2024இலும் ஒப்புதல் பெற்ற மரபணு மருத்துவத்தில், நரம்பணுவுக்கே உரிய புரோமோட்டர் இல்லை. எல்லாச் செல்களிலும் திறக்கும் வைரஸ் புரோமோட்டர்தான் இருக்கிறது. மருந்தை மூளையின் புட்டாமென் பகுதியில் நேரடியாகச் செலுத்துவதால் இடம் தேர்வாகிறது, செல் வகை தேர்வாவதில்லை. உங்கள் வெட்டுத் துண்டுகளில் 2,700க்குள் அடங்கி, ஹீலாவில் ஒளிராமலும் நரம்பணு வகையில் ஒளிர்ந்தும் நிற்கும் மிகச் சிறிய துண்டு எது என்று பார்த்து, அதன் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் மரபணுத்தொகுதிப் பதிப்போடு சேர்த்து ஆய்வேட்டின் முதல் அட்டவணையில் எழுதுங்கள்.